புளிக்க வைப்பது பாதி, மட்க வைப்பது மீதி

“இ.எம். தெளிச்சா குப்பை நாறாதாமே, நிஜமா?” “எத்தனை நாள்ல எரு ஆகும்?” தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் மாடித்தோட்டக்காரர்களும் புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்களும் கூடுகிற இடத்தில் இந்த இரண்டு கேள்வியும் கட்டாயம் வரும். முதல் கேள்விக்கு ‘ஆமாம், பெரும்பாலும் நாறாது’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு வரியில் சொல்ல முடியாது. எருவாகும் வேலையில் அந்தப் பாட்டிலின் பங்கு எவ்வளவு, நம் கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நான் குடியிருப்பது சேலையூரில், 32 வீடுகள் உள்ள அடுக்குமாடியில். அகரம்தென் தாண்டி 70 சென்ட் நிலத்தில் கீரை, கத்தரி, வெண்டை, ஓரமாகக் கொஞ்சம் வாழை. ஏழு வருஷமாக எங்கள் குடியிருப்பின் ஈரக்கழிவு எருவாகி என் நிலத்துக்குப் போகிறது. நாளுக்கு 20 முதல் 25 கிலோ சேரும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துக் குப்பையின் கதை ஊரறிந்தது. பல்லாவரம் பெரிய ஏரியில் வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். மேற்கு தாம்பரம் கன்னடபாளையத்தில் குடியிருப்புகளுக்கு நடுவே குப்பை மேடு எழுந்தது. சிட்லபாக்கம் ஏரிக்கரையும் தப்பவில்லை. 2019-ல் ஊர்மக்களே இறங்கி அந்த ஏரியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சென்னை மாநகராட்சியின் பெருங்குடி கிடங்கோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தச் சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே மாதக் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது.

குப்பை மேடு ஏன் தானாகத் தீப்பிடிக்கிறது? நம் ஊர்க் குப்பையில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி ஈரக்கழிவு. காய்கறித் தோல், சோறு, பழம், பூ, இலை. இதைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மலையாகக் குவித்தால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் மெத்தேன் வாயுவை உண்டாக்கும். அது எரிகிற வாயு. புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வேகம் உள்ளது. கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும், அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதுதான். ஆகக் குப்பைமேட்டிலும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. நமக்கு வேண்டாத கூட்டம் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

உழவர் கண்ணால் பார்த்தால் இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. செங்கல்பட்டிலும் திண்டிவனத்திலும் விளைந்த கத்தரியும் வாழையும் கீரையும் அந்த மண்ணின் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் எடுத்துக்கொண்டு சண்முகம் சாலை மார்க்கெட்டுக்கு வருகின்றன. தோலும் தண்டும் குப்பைமேட்டில் போய்ப் புகையாகின்றன. கிராமத்து மண் திரும்பவும் மூட்டை உரத்தைத் தேடுகிறது.

சரி, இ.எம். விஷயத்துக்கு வருவோம். திறன்மிகு நுண்ணுயிர்கள் என்று தமிழில் சொல்கிறோம். ஜப்பானின் ஒகினாவாவில், ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த டெருவோ ஹிகா 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கலவை அது. முக்கியமாக மூன்று கூட்டம் அதில் உண்டு. தயிரில் இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா, கள்ளைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட், ஒளியைப் பயன்படுத்தி வளரும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. இவை மூன்றும் ஒரே புளிப்புக் கரைசலில் ஒன்றாக வாழும்படி பழக்கியிருக்கிறார்கள். நம் பக்கம் ஆரோவில்லில் உள்ள ஈக்கோ-ப்ரோ அமைப்பு இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது.

இது செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பாலே போதும். காய்ச்சாமல் வெளியில் விட்ட பால் மறுநாள் கெட்டு நாறுகிறது. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு ஸ்பூன் உறைமோர் ஊற்றினால் தயிராகிறது, இன்னும் இரண்டு நாள் தாங்குகிறது. உறைமோரில் இருந்த நல்ல கூட்டம் முந்திக்கொண்டு பெருகி, அமிலத்தை விட்டு, மற்றவை வளர முடியாதபடி செய்துவிடுகிறது. இ.எம். கரைசலை ஈரக்கழிவில் தெளிப்பதும் உறை ஊற்றுவதுதான். கார அமில நிலை 4-க்குக் கீழே இறங்கினால் அழுகல் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். அம்மோனியா வாடை குறையும், ஈ மொய்ப்பதும் குறையும்.

ஆனால் தயிர் என்பது ஜீரணமான பால் இல்லை. அதுபோல இ.எம். போட்டு மூடி வைத்த கழிவு எரு இல்லை. பதினைந்து நாள் கழித்து மூடியைத் திறந்து பாருங்க. போட்ட வாழைக்காய்த் தோல் வாழைக்காய்த் தோலாகவே இருக்கும், ஊறுகாய் மாதிரி. ஜப்பானியர் போகாஷி என்று சொல்லும் முறை இதுதான். தவிட்டில் இ.எம். கலந்து, அதைக் கழிவின்மேல் அடுக்கடுக்காகத் தூவி, காற்றுப் புகாத வாளியில் இரண்டு வாரம் வைப்பார்கள். பிறகு அதை மண்ணில் புதைத்தோ மட்குக் குவியலில் கலந்தோதான் எருவாக்க வேண்டும். அப்படியே செடி வேரில் போட்டால் அந்தப் புளிப்பில் வேர் கருகும். “இ.எம். எரு போட்டேன், செடி செத்துப் போச்சு” என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் இந்தப் புளித்த கழிவைத்தான் போட்டிருப்பார்கள்.

மட்குவது வேறு வேலை. அதைச் செய்பவை காற்று வேண்டுகிற பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், கடைசியில் மண்வாசனையைத் தருகிற ஆக்டினோமைசிட்டுகள். இவற்றைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. சாணத்திலும் காய்ந்த இலையிலும் ஒரு கை பழைய எருவிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இவை கேட்பது மூன்றுதான்: கரிமம், காற்று, அளவான ஈரம்.

இதில் முதலாவதைத்தான் நகரத்தில் கோட்டை விடுகிறார்கள். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்கறிக் கழிவில் கரிமம் 15, 20 பங்குக்கு மேல் பொதுவாக இருக்காது. மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும், நமக்கு நாத்தம், நிலத்துக்கு நஷ்டம். காய்ந்த இலையில் கரிமம் 50 பங்குக்கு மேல். இரண்டையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரு வாளி ஈரக்கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டு வாளி சருகு என்பது என் கணக்கு. எடையில் இல்லை, வாளிக் கணக்கில்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. கிறித்தவக் கல்லூரி வளாகம் மட்டுமே 365 ஏக்கர், பாதி காடு. தெருவுக்குத் தெரு தூங்குமூஞ்சியும் புங்கனும் வேம்பும் நிற்கின்றன. மாசி, பங்குனியில் கொட்டுகிற இலையைப் பெருக்கி, ஓரமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பெருக்குகிற அம்மாக்களிடம் நாலு கோணிப் பையைக் கொடுத்து, டீச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் வருஷத்துக்கான சருகு வந்து சேரும். நாங்கள் அந்த இரண்டு மாதத்தில் நாற்பது, ஐம்பது மூட்டை கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிடுவோம். ஐப்பசி மழையில் காய்ந்த இலைக்குத் தவிக்கும்போதுதான் அந்த மூட்டைகளின் அருமை தெரியும். மரத்தூளும் தென்னைநார்க் கழிவும் பயன்படும், ஆனால் மெதுவாக மட்கும். கரும்புச் சக்கையைத் துண்டாக நறுக்கிப் போட வேண்டும். இளநீர்க் கூட்டை என்ன செய்தாலும் குவியலில் மட்க வருஷமாகும். அதை மூடாக்குக்கு வைத்துக்கொள்ளுங்க.

இப்போது செய்முறை. தாய்க் கரைசல் 1 லிட்டர், பொடித்த நாட்டு வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். நல்ல கூட்டத்தையும் அது கொன்றுவிடும். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி இறுக மூடி நிழலில் 7 நாள். தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடணும், இல்லையென்றால் கேன் உப்பி வெடிக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். ஏழாம் நாள் இனிப்புக் கலந்த புளிப்பு வாடை வந்தால் சரி. மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயப்பட வேண்டாம், ஈஸ்ட்தான். அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடணும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தெளிக்கும்போது லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்றால் அரிசி கழுவிய தண்ணீர் இருக்கிறது. முதல் கழுநீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, துணியால் மூடி மூன்று நாலு நாள் வைத்தால் லேசாகப் புளிக்கும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் சேர்த்து இன்னும் ஐந்தாறு நாள் விட்டால் மேலே கட்டியாக மிதக்கும், அடியில் மஞ்சளாக நீர் நிற்கும். அந்த மஞ்சள் நீர் முழுக்க லாக்டிக் பாக்டீரியா. சம அளவு வெல்லம் கலந்து வைத்துக்கொள்ளலாம். கொரியாவின் இயற்கை விவசாய முன்னோடி சோ ஹன்-கியு பரப்பிய முறை இது. மேலே மிதந்த கட்டி கோழிக்கும் நாய்க்கும் நல்ல தீனி.

இதோடு வேஸ்ட் டீகம்போசரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். காசியாபாத் தேசிய இயற்கை வேளாண்மை மையம் 20 ரூபாய் புட்டியாகக் கொடுத்தது அது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தோடு கலந்து, தினமும் கிளறி வளர்க்க வேண்டும். அதன் வேலை நார்ப்பொருளைச் சிதைப்பது. வாடைக்கு இ.எம்., சருகு அதிகம் உள்ள குவியலுக்கு டீகம்போசர் என்று வைத்துக்கொள்ளலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரும் இந்த வகைதான், டன்னுக்கு 2 கிலோ. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்த சாணமே போதும். நான் ஒரு கூண்டுக்கு இ.எம்., பக்கத்துக் கூண்டுக்குச் சாணக்கரைசலும் பழைய எருவும் என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். முதல் பத்து நாள் வாடையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, இ.எம். கூண்டுதான் மேல். எரு ஆன நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. அடுக்குமாடியில் முதல் பத்து நாள் வாடைதான் பிரச்சினை, ஏனென்றால் எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுப்பது அப்போதுதான்! அதனால் வீட்டுக் கூண்டுக்கு இ.எம்., தோட்டத்துக் குவியலுக்குச் சாணம் என்று முடிவு செய்துகொண்டேன்.

கூண்டு நாலடிக்கு நாலடி, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியது. மூன்றடி உயரமாவது குவியல் இருந்தால்தான் சூடு நிற்கும். அடியில் ஒரு சாண் சருகு, மேலே அன்றைய கழிவு, அதன்மேல் கரைசல் தெளிப்பு, திரும்பச் சருகு. ஈரக்கழிவு கண்ணில் படாமல் மூட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும். ஒழுகினால் சருகு போடுங்க, உதிர்ந்தால் தண்ணீர் தெளிங்க. மூன்று நாலு நாளில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். இந்தச் சூடு மூன்று நாளாவது நீடித்தால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். வாளியில் புளிக்க வைக்கும் முறையில் இந்தச் சூடு கிடைக்காது. வாரம் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். 45 முதல் 60 நாளில் கறுத்து உதிரும், பிறகு ஒரு மாதம் நிழலில் ஆற விடணும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு எச்சரிக்கை. அன்றைக்கு உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றும் மூட்டை மூட்டையாக வரும், வடகிழக்கு மழையும் அப்போதுதான் தொடங்கும். எல்லாம் முக்கால்வாசி தண்ணீர். எவ்வளவு இ.எம். தெளித்தாலும் குவியல் சேறாகிவிடும். வாழையை நறுக்கி இரண்டு நாள் வாட விட்டுப் போடுங்க. கூண்டின்மேல் தகரமோ தார்ப்பாயோ கட்டாயம் வேண்டும்.

நுண்ணுயிர்க் கரைசல் செய்யாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் 2003 முதல் 2006 வரை நாலு வருஷம் வயலில் இ.எம். போட்டு ஆராய்ந்தார்கள். உயிருள்ள கரைசலுக்கும், சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்ற கரைசலுக்கும் விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே குளிர் நாடு, நம் மண் வேறு, அதனால் அதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ‘ஏக்கருக்கு இத்தனை லிட்டர் ஊற்று, விளைச்சல் இரட்டிப்பாகும்’ என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஏரியில் இ.எம். உருண்டை எறிகிற பழக்கமும் அப்படித்தான். 2011 வெள்ளத்தின்போது தாய்லாந்தில் ஆயிரக்கணக்கில் எறிந்தார்கள். நம் ஏரிகளில் வந்து விழுவது கழிவுநீர். வாய்க்காலை அடைக்காமல் உருண்டை எறிவது, உடைந்த குடத்தில் தண்ணீர் மொள்வது. பாதாளச் சாக்கடை இல்லாத நகர்களில் செப்டிக் டேங்குக்கு ஊற்றினால் வாடை குறையும், ஆனால் லாரி கூப்பிடும் நாளை அது இல்லாமல் செய்யாது.

அது கொஞ்சமும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அதுதான் நிலம் வைத்திருப்பவருக்கு முக்கியம். பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா கலந்த குப்பையில் எந்த நுண்ணுயிரைத் தெளித்தாலும் ஈயமும் காட்மியமும் அழியாது. மட்கும்போது குவியல் சுருங்குகிறது, உலோகம் அதிலேயே நின்று இன்னும் அடர்த்தியாகிறது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோல் பதனிடும் ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று பம்மல், நாகல்கேணி பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு உச்ச அளவு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், குரோமியம் 50, காட்மியம் 5. கலந்த குப்பையை மட்க வைத்துச் சலித்த எருவை யாராவது ‘லோடு இலவசம்’ என்று கொண்டுவந்தால், பரிசோதனைச் சீட்டைக் கேளுங்க. சீட்டு இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்க. ஒருதடவை நிலத்தில் இறங்கிய கண்ணாடித் தூளையும் ஈயத்தையும் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே எல்லாம் அடுப்படியில் பிரிப்பதில்தான் தொடங்குகிறது. 2016-ன் திடக்கழிவு விதிகள் தரம் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் கூடுமானவரை தங்கள் வளாகத்திலேயே ஈரக்கழிவைப் பதப்படுத்தணும் என்றும் சொல்லின. சட்டம் வருவதற்கு வெகு முன்பே இந்தப் பக்கத்தில் செய்து காட்டியவர்கள் உண்டு. பம்மல் ஸ்ரீ சங்கரா நகரில் 1994-ல் மகளிர் மன்றம் தொடங்கி, மங்களம் பாலசுப்பிரமணியன் அம்மாவும் அவர் தோழிகளும் வீடுவீடாகப் பிரித்து வாங்கி மண்புழு உரமாக்கினார்கள். பிறகு எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்று வளர்ந்தது அதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏளனம் பேசுகிற ஊரில் படித்த பெண்கள் குப்பை வண்டியோடு தெருவில் இறங்குவது சின்ன விஷயமில்லை. அங்கே முக்கியமாக நின்றது பிரித்து வாங்குகிற ஒழுங்கு.

நிலம் உள்ளவர் பக்கத்து அடுக்குமாடியோடு ஒப்பந்தம் போட நினைத்தால் என் யோசனை இது. முதல் மாதம் எரு எடுக்கப் பேசாதீங்க. வாளியை மட்டும் பாருங்க. பால் பாக்கெட்டின் மூலைத் துண்டு, பூமாலை நூல், சானிட்டரி நாப்கின் வருகிற வரைக்கும் வேண்டாம். எங்கள் 32 வீட்டில் முழுசாகச் சரியாக ஐந்து மாதம் பிடித்தது. பெரியவர்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை. வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது “அக்கா, இதுல ரெண்டு பாக்கெட் இருந்துச்சு” என்று துப்புரவு செய்யும் தம்பி சிரித்துக்கொண்டே நீட்டியதுதான் வேலை செய்தது. அவருக்கு எருவில் கிடைக்கும் பணத்தில் பங்கு உண்டு. அதை நாங்கள் முதலிலேயே பேசிவிட்டோம்.

சான்று பெற்ற உழவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். நகரக் கழிவிலிருந்து வந்த எருவுக்குத் தேசிய இயற்கைச் சான்று விதிகளில் கட்டுப்பாடு உண்டு. விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையிடமோ உங்கள் சான்று நிறுவனத்திடமோ எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முதல் மூட்டையை நிலத்துக்குள் விடுங்க.

எரு தயாராகிவிட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு தட்டில் எருவும் தோட்டத்து மண்ணும் சம பங்கு, இன்னொன்றில் வெறும் தோட்டத்து மண். இரண்டிலும் இருபது இருபது வெந்தயம் விதைத்து ஆறு நாள் பாருங்க. எருத் தட்டில் முளைப்பு குறைந்தாலோ வேர்நுனி பழுப்பாக இருந்தாலோ உள்ளே இன்னும் புளிப்போ அம்மோனியாவோ மிச்சம் இருக்கிறது. திரும்பக் கூண்டில் போட்டுப் புரட்டி, இன்னும் மூன்று வாரம் விட்டு, மறுபடியும் வெந்தயம் போடுங்க.